நத்தை கடிக்காத இலைகள்

கனசாவா, ஜப்பான்
செப்டம்பர் 5, 2024

டென்சில் மாஸ்டருக்கு,

ஃபோனில் பேசினால் உங்களுக்குக் காது கேட்பதில்லை. காதுக்கு மெஷின் வாங்கிப் போடுங்கள் என்றால் கோபம் வருகிறது. வாட்ஸாப்பும் வேண்டாம் என்கிறீர்கள். எனவே கடிதம். இங்கிருந்து பெங்களூர் போய்ச் சேர எட்டு நாளும் ஆகலாம், இரண்டு வாரமும் ஆகலாமாம்.

ஷில்பாவுக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. இருவரும் நலம். குழந்தைக்கு அப்பாவின் மூக்கு. அதைத் தவிர குறையில்லை.

பக்கத்து வீட்டுக் கிழவரின் தோட்டத்தைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டும். நம் வாசலைவிடப் பெரிய இடமில்லை. வெள்ளைச் சரளை, ஒரு கல், ஒரு பைன் மரம், அவ்வளவுதான். நேற்று ஏணி போட்டு ஏறி மரத்தை வெட்டிக்கொண்டிருந்தார். விட்டதைவிட வெட்டியது அதிகம். ஏன் என்று ஷில்பாவை விட்டுக் கேட்டேன். கிளைகளுக்கு நடுவே வெளிச்சம் தெரிய வேண்டுமாம். கிளையைவிட நடுவிலுள்ள காலி இடம்தான் முக்கியமாம். அதற்கு இவர்கள் 'மா' என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

நம் வாசலை நினைத்தேன். வெட்கமாகிவிட்டது. பெயிண்ட் டப்பாவில் ரோஜா, கைப்பிடி போன நீல பக்கெட்டில் செம்பருத்தி, மூடி தொலைந்த குக்கரில் கனகாம்பரம். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும் அவர்கள் பெற்றோரும் கொடுத்ததையெல்லாம் இடம் கண்ட பக்கம் வைத்து வளர்த்தேன். அது தோட்டமா? சந்தைக்கடை. திரும்பி வந்ததும் பாதியைத் தூக்கிப் போட்டால்தான் நிம்மதி.

மழை இல்லாத நாளில் தண்ணீர் ஊற்றுங்கள். மாடியிலிருந்தே குழாயைப் பிடித்து அடிக்காதீர்கள், கீழே இறங்கி வந்து ஊற்றுங்கள்.

சங்கமித்ரா


காக்ஸ் டவுன், பெங்களூரு
செப்டம்பர் 20, 2024

மதிப்பிற்குரிய டீச்சருக்கு,

பேத்தி பிறந்த செய்தி கேட்டு மகிழ்ந்தேன். கர்த்தர் குழந்தையை ஆசீர்வதிப்பாராக. இறங்கித்தான் தண்ணீர் ஊற்றுகிறேன்.

உங்கள் கடிதம் வந்தது ஒரு மோசமான நாளில். ஃப்ரேசர் டவுனில் சுப்ரியா என்ற பெண் சிறிய ஓவியக் கூடம் நடத்துகிறார். ஜனவரியில் அங்கே என் படங்களை வைக்க முடியுமா என்று கேட்டிருந்தேன். வீட்டுக்கே வந்து எல்லாவற்றையும் பார்த்தார். கப்பன் பார்க், அல்சூர் ஏரி, லால்பாக் கண்ணாடி மாளிகை, பணி ஓய்வுக்குப் பிறகு வரைந்தவை அத்தனையும். பிறகு, "சார், தப்பா எடுத்துக்காதீங்க. எல்லாப் படமும் ஃபுல்லா இருக்கு. கண்ணுக்கு உக்கார ஒரு எடம்கூட இல்ல" என்றார். போகும்போது, "பேங்க் காலண்டருக்குக் கேட்டுப் பாருங்களேன்" என்று வேறு சொன்னார். அவர் கேலி செய்யவில்லை, உதவுவதாக நினைத்துத்தான் சொன்னார்.

பள்ளியில் நான் பிள்ளைகளிடம் என்ன சொல்வேன் என்று உங்களுக்குத் தெரியும். "பேப்பரில் வெள்ளை தெரியக் கூடாது, பின்னணியை நிரப்பு" என்பேன். வெள்ளை தெரிந்தால் மதிப்பெண்ணைக் குறைத்தேன். அன்று மாலை உங்கள் கடிதத்தைப் படித்தபோது, வாழ்நாள் முழுவதும் தப்பாகவே சொல்லிக்கொடுத்திருக்கிறேன் என்று தோன்றியது. மாடி ஜன்னலிலிருந்து உங்கள் வாசலைப் பார்த்தேன். நீங்கள் சொன்னது சரி. அதுவும் என் படங்களைப் போலத்தான் இருக்கிறது.

நீங்கள் எழுதியபடியே அதைச் சற்று ஒழுங்குபடுத்தி வைக்கலாம் என்றிருக்கிறேன். வரும்போது பார்த்து மகிழ்வீர்கள். எனக்கும் வரைய ஓர் இடம் கிடைக்கும்.

இப்படிக்கு,
டென்சில்


கனசாவா
செப்டம்பர் 23, 2024

டென்சில் மாஸ்டருக்கு,

உங்கள் கடிதம் இன்னும் வரவில்லை. அதற்குள் இதை எழுதுகிறேன். தோட்டத்தைப் பற்றி நான் எழுதியதை மறந்துவிடுங்கள். வந்த புதிதில் மிரண்டுபோய் எழுதியது.

இந்தத் தெருவுக்குப் பின்னால் ஒரு சந்து இருக்கிறது. வயதான பெண்கள்தான் அதிகம். ஒவ்வொரு வாசலிலும் மீன் வருகிற தெர்மாகோல் பெட்டி, பால் கிரேட், துருப்பிடித்த டின். ஒரு வீட்டில் பழைய ரைஸ் குக்கர்கூட இருந்தது. எல்லாவற்றிலும் செடி. யார் கொடுத்தது என்று ஒவ்வொன்றுக்கும் கதை சொல்வார்கள் போலிருக்கிறது, எனக்குத்தான் பாஷை தெரியாது. கிழவரின் பைன் மரத்தை ஆட்கள் நின்று ஃபோட்டோ எடுக்கிறார்கள். சந்துக்குள் யாரும் வருவதில்லை. நான் தினமும் போகிறேன்.

அதனால் என் வாசலில் ஒன்றையும் தொடாதீர்கள். தண்ணீர் மட்டும் போதும்.

இங்கே சமுதாயக் கூடத்தில் படக்கடித வகுப்பு நடக்கிறது, ஷில்பா என்னைச் சேர்த்துவிட்டாள். ஓர் அட்டையில் ஒரு பூவோ காயோ வரைந்து, பக்கத்தில் ஒரு வரி எழுதித் தபாலில் போட வேண்டும். கோணலாக வந்தால் பரவாயில்லை, நன்றாக வந்தால்தான் சந்தேகப்படுகிறார்கள். ஒரே ஒரு சட்டம், வரைகிற பொருள் எதிரில் இருக்க வேண்டும். நினைவிலிருந்து வரைந்தால் எங்கள் ஆசிரியை எப்படியோ கண்டுபிடித்துவிடுகிறார். நான் வரைந்த கத்தரிக்காயை இத்துடன் வைத்திருக்கிறேன். சிரியுங்கள்.

எனக்கு ஓர் உதவி வேண்டும். செம்பருத்தியை ஓர் அட்டையில் வரைந்து அனுப்புங்கள். பக்கெட்டுக்கு எதிரில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, பார்த்து வரைய வேண்டும். அதைப் பார்க்காமல் கண் ஏங்குகிறது.

சங்கமித்ரா


காக்ஸ் டவுன்
அக்டோபர் 8, 2024

மதிப்பிற்குரிய டீச்சருக்கு,

உங்கள் இரண்டாம் கடிதம் இன்று காலை கிடைத்தது. கத்தரிக்காய் நன்றாக இருக்கிறது.

இங்கே விடாத மழை. தோட்டத்துக்கு ஒரு குறையும் இல்லை. காய்ந்த இலைகளைக் கொஞ்சம் அகற்றினேன், அவ்வளவுதான். செம்பருத்தி இத்துடன் இருக்கிறது.

சுப்ரியா மறுபடி வந்திருந்தார். புதிதாக வரைந்த படத்தின் முன்னாலும், பாதியில் இருக்கும் இன்னொன்றின் முன்னாலும் வெகுநேரம் நின்றார். ஜனவரியில் கண்காட்சி என்று முடிவாகிவிட்டது. இதைச் சந்தோஷமாக எழுத வேண்டும் என்றிருந்தேன்.

இப்படிக்கு,
டென்சில்


கனசாவா
அக்டோபர் 20, 2024

டென்சில் மாஸ்டருக்கு,

செம்பருத்தி வந்தது. கண்காட்சிக்கு வாழ்த்துகள்.

அட்டையை ஜன்னலில் சாய்த்து வைத்திருக்கிறேன். ஷில்பா பார்த்துவிட்டு, "அம்மா, நம்ம பக்கெட்டுதான்மா இது, கைப்பிடி இல்லாததுகூட அப்படியே இருக்கு!" என்று குதித்தாள். எனக்கு அதன் இலைகள்தான் பிடித்திருந்தன. எவ்வளவு சுத்தமான இலைகள்!

வாசலை ஒழுங்குபடுத்தப் போவதாக நீங்கள் எழுதிய கடிதம் எனக்குத் தாமதமாகத்தான் கிடைத்தது. அதற்குள் என் இரண்டாம் கடிதம் உங்களுக்கு வந்திருக்கும் என்று நம்புகிறேன்.

இன்னும் சில அட்டைகள் அனுப்புங்கள். நந்தியாவட்டை வேண்டும், இங்கே பௌர்ணமிக்குப் புத்தர் முன்னால் வைக்கக் கடைப்பூதான் கிடைக்கிறது. குக்கரில் இருக்கிற கனகாம்பரம். டிசம்பர் பூ மொட்டு விட ஆரம்பித்திருக்கும். பெயிண்ட் டப்பாவில் இருக்கிற ரோஜா. அவசரம் இல்லை. ஒவ்வொன்றுக்கும் எதிரில் உட்கார்ந்து, நன்றாகப் பார்த்து வரையுங்கள்.

சங்கமித்ரா


காக்ஸ் டவுன்
நவம்பர் 1, 2024

மதிப்பிற்குரிய டீச்சருக்கு,

நான்கு அட்டைகளையும் அனுப்பியிருக்கிறேன். நாளானதற்கு மன்னிக்கவும். ரோஜாவைப் பலமுறை வரைந்து கிழித்தேன். டப்பாவின் துரு எந்தப் பக்கம் என்று உறுதியாகத் தெரியவில்லை.

என்ன எழுதுகிறேன் பாருங்கள். எதிரில் இருப்பது எப்படித் தெரியாமல் போகும்? மழை இருட்டில் தெரியவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தபாலில் போடப் போகும்போது சுப்ரியா வந்துவிட்டார். அட்டைகளைக் கையில் வாங்கியவர் திருப்பிக் கொடுக்க வெகுநேரம் ஆனது. "சார், பெரிய படமெல்லாம் நல்லா இருக்கு. ஆனா இது வேற. இதைப் பார்த்தா யாரோ யாரையோ தேடுற மாதிரி இருக்கு" என்றார். கண்காட்சியின் நடுவில், முன்பு அனுப்பிய செம்பருத்தியையும் சேர்த்து, இந்த ஐந்து அட்டைகளைத்தான் வைக்க வேண்டும் என்கிறார். நீங்கள் திரும்பும்போது அவற்றைக் கொண்டுவர முடியுமா என்று கேட்கச் சொன்னார். கேட்கிறேன். கேட்க எனக்கு யோக்கியதை இருக்கிறதா என்று தெரியவில்லை.

நீங்கள் வரும்போது வாசலில் சில மாற்றங்கள் தெரியலாம்.

டென்சில்


கனசாவா
நவம்பர் 12, 2024

டென்சில் மாஸ்டருக்கு,

மாற்றங்கள் என்னவென்று எனக்குத் தெரியும். செம்பருத்தி வந்த அன்றே தெரியும்.

மழைக்காலத்தில் என் வாசலில் நத்தை கடிக்காத இலை கிடையாது. உப்பைத் தூவித் தூவிக் கை அரித்துப்போனவள் நான். செம்பருத்தியில் மாவுப்பூச்சி இல்லாத நாளே இல்லை. நீங்கள் அனுப்பிய அட்டையில் ஓர் ஓட்டைகூட இல்லை, ஒரு வெள்ளைப் புள்ளிகூட இல்லை. எதிரில் செடி இருந்திருந்தால் நீங்கள் அதை விட்டிருக்க மாட்டீர்கள். உங்கள் கண் அப்படிப்பட்டது. பள்ளி நாடகத்துக்குத் திரை வரைந்தபோது சுவரின் விரிசலைக்கூட விடாமல் வரைந்தவர் நீங்கள்.

பிறகும் ஏன் நான்கு கேட்டேன்? ஏதாவது ஒன்று தப்பியிருக்குமா என்று பார்க்கத்தான் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். அது உண்மையல்ல. நீங்கள் வெறும் இடத்தைப் பார்த்தபடி ஒவ்வொன்றாக உட்கார்ந்து வரையட்டும் என்றுதான் கேட்டேன். தப்பு செய்த பையனைக் கரும்பலகை முன்னால் நிற்க வைப்பதைப் போல. நான்கும் வந்தன. வரிசையாக வைத்துப் பார்த்தபோது என் புத்தியை நினைத்து எனக்கே அருவருப்பாக இருந்தது. ரோஜாவின் துருவை நீங்கள் சரியான பக்கம்தான் வரைந்திருக்கிறீர்கள்.

இந்த ஊர்ப் பெரிய தோட்டத்தில் பனிக்காலத்துக்காக மரங்களுக்குக் கயிறு கட்டுகிறார்கள். பனியின் எடையில் கிளை ஒடியாமல் இருக்க, உச்சியிலிருந்து குடைக் கம்பி போல ஒவ்வொரு கிளைக்கும் ஒரு கயிறு. பார்த்துக்கொண்டே நின்றேன். 'மா' என்று அரைகுறையாகக் கேட்டதை உங்களுக்கு எழுதினேன். இந்தக் கயிறுகளையும் பார்த்த பிறகு எழுதியிருக்கலாம்.

இருபத்தாறாம் தேதி வருகிறேன். நான் கேட்பதற்கு முன்னால் நீங்களாகவே சொல்லிவிடுங்கள்.

சங்கமித்ரா


காக்ஸ் டவுன்
நவம்பர் 25, 2024

டீச்சருக்கு,

இதை உங்கள் சமையலறை மேசையில் வைத்துவிட்டுப் போகிறேன். மாடிச் சாவி எதிர்வீட்டு ரயானிடம் இருக்கிறது. நான் சந்தாபுராவில் தங்கை வீட்டில் இருப்பேன். விலாசம் பின்பக்கத்தில். உங்கள் முகத்தில் விழிக்கத் தைரியம் இல்லை.

உங்கள் முதல் கடிதத்தில் எனக்கு வேண்டியதை மட்டும் படித்தேன். "திரும்பி வந்ததும்" என்று எழுதியிருந்தீர்கள். அதை விட்டுவிட்டேன். "பாதி" என்று எழுதியிருந்தீர்கள். அதையும் விட்டுவிட்டேன். அப்பாதுரையின் லக்கேஜ் ஆட்டோவைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் ஏற்றினேன். ஒரு மாதுளையை மட்டும் விட்டு, சுற்றிலும் வெள்ளைச் சரளை கொட்டினேன். வேலை முடிந்ததும் மாடிக்குப் போய் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். மிகவும் அழகாக இருந்தது. அதை மறைக்க மாட்டேன். அன்றே முதல் படத்தை ஆரம்பித்தேன்.

தொடாதீர்கள் என்ற உங்கள் கடிதம் வந்தபோது சரளை கொட்டிப் பத்து நாள்கூட ஆகியிருக்கவில்லை. அன்றே போய்க் கேட்டிருந்தால் செடிகள் திரும்பக் கிடைத்திருக்கும். ஆனால் இரண்டாவது படம் பாதியில் இருந்தது. அது முடியட்டும் என்று விட்டேன்.

செடிகளை எறியவில்லை. ஜீவனஹள்ளியில், ரேஷன் கடைக்குப் பின்னால் உள்ள சந்தில் கொடுத்தேன். காந்தா என்பவர் நிறைய எடுத்துக்கொண்டார். அங்கே போக வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். காரணம் எழுதக் கை வரவில்லை.

டென்சில்


காக்ஸ் டவுன்
டிசம்பர் 3, 2024

டென்சில் மாஸ்டருக்கு,

போக வேண்டாம் என்றீர்கள். போனேன்.

வாசல் அழகாக இருக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். மாதுளையின் நிழல் சரளையில் விழுகிறது. எதிர்வீட்டு ரயான் வந்து, "ஆன்ட்டி, சூப்பரா ஆக்கிட்டீங்க" என்றான். நான் ஆக்கியதாகவே தலையாட்டினேன்.

ஜீவனஹள்ளிச் சந்தை ரேஷன் கடையில் கேட்டுக் கண்டுபிடித்தேன். செம்பருத்தி தூரத்திலேயே தெரிந்தது. அதே நீல பக்கெட். எல்லாவற்றையும் திருப்பிக் கேட்டு, ஓர் ஆட்டோ பிடித்து ஏற்றிக்கொண்டு வருவதாகத்தான் கிளம்பியிருந்தேன். என்ன பேசுவது என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்தேன். வீட்டுக்குள்ளிருந்து ஒரு பெண் வந்தார், நீங்கள் எழுதிய காந்தா.

"யாரு வேணும் ஆன்ட்டி?"

"செடி நல்லா வந்திருக்கேன்னு பார்த்தேன்மா."

"சும்மா கெடச்சுது ஆன்ட்டி. காக்ஸ் டவுன்ல ஒரு டீச்சரம்மா இருந்தாங்களாம். ஜப்பான்ல மக வீட்டுக்குப் போன எடத்துல எறந்துட்டாங்களாம், பாவம். அவங்க மாடியில குடியிருக்கற சாரு கொண்டாந்து குடுத்தாரு. நான் மொதல்ல பேடா, வேணாம்னுட்டேன். ஓனர் வந்து கேட்டா யாரு பதில் சொல்றது? அப்பத்தான் அந்த சாரு விஷயத்தச் சொன்னாரு. அவருக்கும் கண்ணெல்லாம் கலங்கிப்போச்சு."

மாஸ்டர், நான் அப்போது வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. அவர் பேசிக்கொண்டே போனார்.

"முகம் தெரியாத மனுஷி. இருந்தாலும் அவங்க கையால வளத்தது இல்லையா? அன்னைக்கு இந்த ரோஜாகிட்ட ஒரு வெளக்கு ஏத்தி வெச்சேன். எங்க வீட்டுக்காரர்கூட, 'யாருக்குடி காரியம் பண்றே?'ன்னு சிரிச்சாரு."

"நல்லவங்களா அவங்க?" என்று கேட்டேன். எதற்காகக் கேட்டேன் என்று தெரியவில்லை.

"நல்லவங்களாத்தான் ஆன்ட்டி இருக்கணும். பாருங்க, கைப்பிடி போன பக்கெட்டு, மூடி இல்லாத குக்கரு. எதையும் தூக்கிப் போட மனசு வராதவங்க."

பாதியைத் தூக்கிப் போட வேண்டும் என்று உங்களுக்கு எழுதியவள் அங்கே நின்றுகொண்டிருந்தேன். இனிமேல் எந்த வாயால் நான்தான் அந்த டீச்சர் என்று சொல்வேன்? விளக்கு ஏற்றியவரிடம் செடியைக் கொடு என்று எப்படிக் கேட்பேன்? கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அவர் அதைப் பார்த்துவிட்டு, "ஒங்களுக்குத் தெரிஞ்சவங்களா?" என்றார். "கொஞ்சம் தெரியும்" என்றேன்.

கிளம்பும்போது செம்பருத்தியில் ஒரு குச்சியை வெட்டி, ஈரப் பேப்பரில் சுற்றிக் கையில் கொடுத்தார். "செத்தவங்க வீட்டுச் செடின்னு பாக்கலேன்னா வெச்சுக்கோங்க" என்றார். என் செடியின் குச்சியை அவரிடம் வாங்கி, நன்றி சொல்லிவிட்டு, திருடியைப் போல நடந்து வந்தேன். சரளையில் அதை நட இடமில்லை. சமையலறையில் ஒரு டம்ளர் தண்ணீரில் நிற்கிறது.

உங்கள் மேல் எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். அதற்கு இன்னும் நேரம் வரவில்லை. அந்தப் பெண்ணை நாம் இருவரும் சேர்ந்து ஏமாற்றியிருக்கிறோம். நீங்கள் பேசி, நான் பேசாமல்.

ஐந்து அட்டைகளும் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன. அவற்றைப் பற்றிப் பிறகு பேசலாம். முதலில் ஜீவனஹள்ளிக்குப் போய், நான் உயிரோடு இருக்கிறேன் என்று காந்தாவிடம் சொல்லுங்கள். என்னால் முடியவில்லை.

சங்கமித்ரா


காக்ஸ் டவுன்
டிசம்பர் 9, 2024

டீச்சருக்கு,

உங்கள் கடிதம் சனிக்கிழமை கிடைத்தது. இன்று காலை சந்தாபுராவிலிருந்து பஸ் ஏறி நேராக ஜீவனஹள்ளிக்குப் போனேன். உங்களையும் கூட்டிக்கொண்டு போயிருக்கலாம். ஒரே நேரத்தில் இரண்டு பேர் முன்னால் நிற்க முடியாது என்பதால் தனியாகப் போனேன்.

வாய் தவறிச் சொல்லிவிட்டதாகச் சொல்லலாம் என்று பஸ்ஸில் நினைத்தேன். சொல்லவில்லை. அன்று அவர் கேள்வி மேல் கேள்வி கேட்டார். கேள்வி நிற்க வேண்டும் என்பதற்காகவே உங்களைச் சாகடித்தேன். அப்படியே சொன்னேன். கண் கலங்கியதும் உங்களுக்காக அல்ல. சரளை லாரி வந்து காத்திருந்தது, வேலை தாமதமாகிறதே என்ற தவிப்பில்.

"யோவ் சாரு, உயிரோட இருக்கறவங்கள சாகடிச்சுட்டா செடி குடுப்பே? வெக்கமா இல்ல ஒனக்கு?" என்றார். சந்தே வெளியே வந்து நின்றது.

"இருக்கும்மா" என்றேன்.

"அப்ப அன்னைக்கு வந்து நின்னாங்களே ஒரு ஆன்ட்டி, கண்ணாடி போட்டுக்கிட்டு…"

"அவங்கதான்."

அவர் அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். "ஐயோ, அவங்ககிட்டயே அவங்க கருமாதியச் சொன்னேனே. அவங்க செடியிலயே குச்சி வெட்டிக் குடுத்தேனே" என்று தலையில் அடித்துக்கொண்டார். தப்பு என்னுடையது என்று எத்தனையோ முறை சொன்னேன். காதில் வாங்கவில்லை. எழுந்துபோய் ஒவ்வொரு செடியாகத் தூக்கிவந்து தெருவில் வைத்தார். பக்கத்து வீட்டுக்காரர்களும் அவரவர் வாங்கியதைக் கொண்டுவந்து வைத்தார்கள். "எடுத்துக்கிட்டுப் போய் அவங்க வாசல்ல வையி. ஒண்ணுகூட எங்களுக்கு வேணாம்" என்றார் காந்தா. அதைச் சொல்லும்போது ரோஜா டப்பாவை மட்டும் காலோடு அணைத்துக்கொண்டு நின்றார்.

அப்பாதுரை ஆட்டோவோடு தயாராக இருக்கிறார். நான் ஏற்றச் சொல்லவில்லை. ஒருமுறை உங்களைக் கேட்காமல் ஏற்றினேன். எதைக் கொண்டுவருவது, எதை அங்கேயே விடுவது என்று நான் சொல்லக் கூடாது. நீங்கள்தான் வந்து சொல்ல வேண்டும். அட்டைகளைப் பற்றிக் கேட்க இன்று எனக்கு வாய் இல்லை.

செடிகள் அங்கே ஜீவனஹள்ளித் தெருவில் வெயிலில் நிற்கின்றன. இதைத் தபாலில் போட்டால் அதற்குள் அவை காய்ந்துவிடும். கதவிடுக்கில் தள்ளிவிட்டுப் போகிறேன். மணியை அடிக்கக் கை வரவில்லை, டீச்சர். கேட்டுக்கு வெளியேதான் நிற்கிறேன்.

டென்சில்